எரிப்பதற்கு முன் இரண்டு வாரம்: ஒரு துப்புரவுக் கட்டளையின் வரலாறு

கடந்த தவணை முடிவில் வயதான ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். இந்தப் பாடசாலையில்தான் படித்தாராம். விடுகைப் பத்திரத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். அலுமாரிகள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். அவர் சேர்ந்த வருடத்தின் அனுமதிப் பதிவேட்டை மட்டும் காணவில்லை. பழையவர்களிடம் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிய வந்தது. எப்போதோ நடந்த ஒரு சிரமதானத்தில், கறையான் அரித்த புத்தகங்கள் என்று ஒரு குவியலைப் பின்வளவில் போட்டு எரித்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இடத்தைத் துப்புரவாக்கத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த மனிதர் வெறுங்கையோடுதான் திரும்பிப் போனார்.

அதே வாரம் உயர்தர வகுப்பில் 'கிட்' என்ற மென்பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், பழையது எல்லாவற்றையும் அது வைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் நிரம்பி வழியாதா? யார் துப்புரவாக்குவது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோது ஒரு வரலாறே கிடைத்தது. கணினித் துறையில் இல்லாத உறவுகளும் வாசிக்க வேண்டிய வரலாறு என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கிட் என்றால் என்ன? பல பேர் சேர்ந்து எழுதும் செய்நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி அது. பிழை நடந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இந்தப் பதிவுகள் சேரும் இடத்தைக் களஞ்சியம் என்கிறோம்.

லினக்ஸ் இயங்குதளத்தை எழுதியவர்கள் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற தனியார் கருவியை இலவச அனுமதியில் பாவித்து வந்தார்கள். 2005இல் அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. உலகெங்கும் இருந்து வரும் மாற்றங்களைச் சேர்க்க வேறு வழி இல்லாத நிலையில், லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வருடம் ஏப்ரல் மாதம் தானே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட் தன்னுடைய செய்நிரலைத் தானே பதிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. ஜூலையில் அதன் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். இன்றுவரை அந்தப் பொறுப்பில் இருப்பவர் அவர்தான்.

தொடக்கத்தில் கிட் மிக எளிமையாக இருந்தது. ஒரு கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் முழுக் கோப்பும் சுருக்கப்பட்டுப் புதிய பொருளாக வன்தட்டில் தனியே வைக்கப்படும். ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் போட்டு அடுக்குவது போல. வேகமாக எழுதலாம், எதுவும் தொலையாது. ஆனால் உறைகள் ஆயிரக்கணக்கில் பெருகும். இடம் போகும், தேடுவதும் தாமதமாகும்.

அதே 2005இல் இதற்கு ஒரு மருந்தும் வந்தது. சிதறிக் கிடக்கும் பொருட்களை ஒரே கட்டாகக் கட்டும் முறை. ஒன்றையொன்று ஒத்த கோப்புகளில் ஒன்றை முழுமையாக வைத்து, மற்றவற்றுக்கு வித்தியாசத்தை மட்டும் எழுதி வைப்பார்கள். களஞ்சியம் வெகுவாகச் சிறுத்துவிடும். ஆனால் கட்டுவதற்கு ஒரு கட்டளை, கட்டிய பின் மிஞ்சிய தனி உறைகளை அகற்ற இன்னொன்று, யாருக்கும் தேவைப்படாமல் போனவற்றைக் களைய மற்றொன்று. இவற்றை எல்லாம் பாவனையாளர்தான் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் செய்யவில்லை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

2006 டிசம்பரில் ஷோன் பியர்ஸ் என்ற பொறியியலாளர் இந்த வேலைகளை ஒன்றாகச் சேர்த்து 'கிட் ஜீசீ' என்ற கட்டளையை எழுதினார். குப்பை சேகரிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 2007 பெப்ரவரியில் வந்த 1.5.0 பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது. ஷோன் பியர்ஸ் 2018 ஜனவரியில் காலமானார். இன்று கிட் பாவிக்கும் இலட்சக்கணக்கானோரில் அவர் பெயரை அறிந்தவர்கள் சிலரே. துப்புரவு வேலையின் விதி அதுதான் போலும்.

ஒரு கட்டளையாகச் சுருங்கியும் மனிதர்கள் அதை மறந்தார்கள். ஆகவே 2007 செப்டெம்பரில் தானியங்கி முறை ஒன்று சேர்க்கப்பட்டது. பாவனையாளர் வேறு வேலை செய்யும்போது, சிதறிய பொருட்கள் ஏறத்தாழ 6700ஐத் தாண்டியிருந்தால் கிட் தானாகவே துப்புரவைத் தொடங்கும்.

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. 6700ஐத் தாண்டியதா என்று அறிய எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவே பெரிய வேலையாகிவிடும். கிட் தன் பொருட்களை 256 அடைவுகளில் ஏறத்தாழச் சமமாகப் பரப்பி வைக்கிறது. அதில் '17' என்று பெயரிட்ட அடைவை மட்டும் அது திறந்து பார்க்கும். அங்கே 27க்கு மேல் இருந்தால் மொத்தமும் அளவைத் தாண்டிவிட்டது என்று முடிவெடுக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எம் பாட்டிமார் சொன்னதைத்தான் அவர்கள் அங்கே செய்நிரலாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எரித்த பதிவேட்டை நாம் நினைத்துக்கொண்டது அடுத்த கட்டத்தை வாசித்தபோதுதான். எது குப்பை என்று கிட் எப்படித் தீர்மானிக்கிறது? எந்தப் பதிவிலிருந்தும் சென்றடைய முடியாத பொருளே அதற்குக் குப்பை. ஒரு கிளையை அழித்துவிட்டால், ஒரு பதிவைத் திருத்தி எழுதிவிட்டால், பழையது அப்படி அநாதையாகும். ஆனால் அநாதையானதை உடனே அழிப்பதில்லை. அண்மைக் கால அசைவுகளை எழுதி வைக்கும் ஒரு நாட்குறிப்பு கிட்டில் உண்டு. கைவிடப்பட்ட பதிவுகளும் அந்தக் குறிப்பில் வழமையாக 30 நாட்கள் நிற்கும். அங்கிருந்தும் நீங்கிய பிறகு, இரண்டு வாரத்துக்கு மேல் பழையதானால் மட்டுமே பொருளை அகற்ற இடமுண்டு. ஏன் இத்தனை பொறுமை? துப்புரவு நடக்கும் அதே கணத்தில் இன்னொருவர் அந்தப் பொருளை வைத்துப் புதிய பதிவொன்றை எழுதிக்கொண்டிருக்கலாம். எமக்குக் குப்பையாகத் தெரிவது இன்னொருவரின் கையில் பாதி எழுதிய கடிதமாக இருக்கலாம்.

ஆனால் வேறொரு குறை தொடர்ந்து இருந்தது. துப்புரவு தொடங்கும் நேரம் பிழையான நேரம். ஒருவர் அவசரமாக வேலை செய்துகொண்டிருப்பார். திடீரென்று திரையில், களஞ்சியத்தைக் கட்டுகிறேன் என்ற செய்தி வரும். முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாடம் நடக்கும்போது வகுப்பைக் கூட்ட வந்தது போல. 2014இல் வந்த 2.0 பதிப்பு இந்த வேலையைப் பின்னணிக்குத் தள்ளியது. சிறிய களஞ்சியங்களுக்கு அது போதுமாக இருந்தது.

பெரியவற்றுக்குப் போதவில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் செய்நிரலை கிட்டுக்குக் கொண்டுவந்தபோது, 2017இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: 35 இலட்சம் கோப்புகள், ஏறத்தாழ 300 ஜிகாபைட், சுமார் 4000 பொறியியலாளர்கள். சாதாரண கிட்டில் அந்தக் களஞ்சியத்தைப் பிரதி எடுக்க 12 மணித்தியாலத்துக்கு மேல். என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க மட்டும் 10 நிமிடம். அப்படியான இடத்தில் முழுக் களஞ்சியத்தையும் ஒரே மூச்சில் அவிழ்த்துக் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதற்காக அவர்கள் தனிக் கருவிகளை எழுதினார்கள். அவற்றில் ஒன்றான 'ஸ்கேலர்' 2020இல் வந்தது. பெரிய துப்புரவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஆள் கவனிக்காத நேரத்தில் செய்வது அதன் வழி.

ஸ்கேலரில் வேலை செய்த டெரிக் ஸ்டோலி, இந்த அனுபவம் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் நிற்க வேண்டியதில்லை என்று அதைக் கிட்டுக்கே கொண்டுவந்தார். அதுதான் 'கிட் மெயின்டனன்ஸ்', அதாவது பராமரிப்பு என்ற கட்டளை. 2020 ஒக்டோபரில் 2.29 பதிப்பில் அறிமுகமானது. டிசம்பரில் 2.30 பதிப்பு அதற்கு நேரசூசியைக் கொடுத்தது. ஒரு தடவை 'தொடங்கு' என்று சொன்னால் போதும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை மற்றவர்களின் புதிய பதிவுகளை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கும். நாளுக்கு ஒருமுறை சிதறியவற்றைக் கட்டும். 2021 மார்ச்சில் மெக், விண்டோஸ் கணினிகளின் நேரசூசிகளோடும் அது இணைந்தது.

இங்கே இரண்டு விஷயங்கள் எம்மைக் கவர்ந்தன. முதலாவது, 'தொடங்கு' என்று சொன்னதும் இயங்கும் அந்த நேரசூசியில் அழிக்கும் வேலையே இல்லை. அடுக்குவது உண்டு, கட்டுவது உண்டு, எந்தத் தரவையும் எறிவது இல்லை. இரண்டாவது, தனி உறைகளைக் கட்டும் முறை. இன்று கட்டியவற்றின் தனிப்பிரதியை இன்றே அகற்றுவதில்லை. அடுத்த முறை வரும்போது, கட்டுக்குள் அது இருக்கிறதா என்று பார்த்த பின்பே வெளியில் கிடப்பதை எடுக்கும். அதன் பிறகுதான் புதியவற்றைக் கட்டும். இடையில் யாராவது தேடி வந்தால் இரண்டில் ஓரிடத்திலாவது அவருக்குக் கிடைக்கும்.

அதிலும் ஒரு தவறு வெளிப்பட்டது. எல்லோருடைய கணினியும் மணி அடித்தவுடன் ஒரே நிமிடத்தில் சேவையகத்திடம் போனால், பாடசாலை விட்டதும் பஸ் தரிப்பிடத்தில் நடப்பதுதான் அங்கும் நடக்கும். 2023இல் ஒவ்வொரு கணினியும் வெவ்வேறு நிமிடத்தைத் தெரிவு செய்யும்படி திருத்தினார்கள். பராமரிப்புக்கும் பராமரிப்பு தேவை.

2005இலிருந்து 2020 வரை 15 வருடங்கள். பாவனையாளரின் நினைவில் தொங்கிக்கொண்டிருந்த கடமை, கருவியின் நாளாந்தப் பழக்கமாக மாற இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இப்போது எம் ஊரைப் பார்ப்போம். பாடசாலை, பள்ளிவாசல், சங்கம் எல்லாவற்றிலும் பதிவேடுகள் இருக்கின்றன. எமக்குத் தெரிந்தவை இரண்டே வழிகள். ஒன்று, வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கறையானுக்கு விடுவது. மற்றது, ஒரே நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு எரிப்பது. இரண்டிலும் பதிவேடு போய்விடுகிறது.

அந்த மாணவிக்கு விடை சொன்ன பிறகு, நாமும் அலுவலகத்தில் சிறிய ஏற்பாடு ஒன்றைச் செய்தோம். வெள்ளிக்கிழமைகளில் அரை மணித்தியாலம், ஒரு தட்டு மட்டும். தேவையில்லை என்று தோன்றுவது ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டியின் மேல் திகதி எழுதப்படும். ஒரு தவணை முழுதும் அந்தப் பெட்டி அப்படியே இருக்கும். அதன் பிறகும் இரண்டு பேர் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் அது வெளியே போகும்.

அந்தப் பெரியவரின் பதிவேடு இனி வரப்போவதில்லை. உங்கள் வீட்டில், உங்கள் சங்கத்தில் அப்படி ஒரு அலுமாரி இருந்தால், அடுத்த சிரமதானத்துக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.