இசைப்பொறிகளின் பலதடப் பதிவு

சின்தசைசர், டிரம் மெஷின், சாம்ப்ளர் போன்ற மின்னிசைப் பொறிகள் பலவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் ஒலியையும் கணினியில் தனித்தனி டிராக்கில் பிடிப்பது பலதடப் பதிவு எனப்படும். டிராக்குகள் தனித்தனியாக இருப்பதால் பதிவு முடிந்த பிறகும் டிரம்ஸை மட்டும் தணிக்கலாம். ஒரு பொறியில் நேர்ந்த பிழையை மற்றவற்றைத் தொடாமல் வெட்டலாம். எல்லாவற்றையும் மிக்ஸரில் கலந்து இரண்டு டிராக்கில் அடக்கினால் வேலை சுலபம். பிறகு திருத்த வழியிருக்காது. பலதடப் பதிவுக்குப் பொறிகள் எல்லாம் சேர்ந்து ஓட ஒரு பொதுத் துடிப்பு வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் கணினிக்குள் தனி வழியும் வேண்டும். இவற்றில் துடிப்பே பெரும்பாடு.

தனி டிராக் என்ற எண்ணம் டேப் காலத்தது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் செய்த எட்டு டிராக் ரெக்கார்டர் 1957இல் அவர் கைக்கு வந்தது. மனிதர்கள் முன்பு பதிந்ததைக் காதில் வாங்கித் தாளம் சேர்த்தார்கள். பொறிக்குக் காது இல்லை. 1977இல் மூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடர் டோனா சம்மரை வைத்துச் செய்த ‘ஐ ஃபீல் லவ்’ பாடலுக்காக, டேப்பின் ஒரு டிராக்கில் துடிப்பைப் பதிந்து அதைக் கொண்டே மூக் மாடுலர் சின்தசைசரை ஓட்டினார்கள். இந்த உத்தியைக் காட்டியவர் பொறியாளர் ராபி வேடல். எத்தனை அடுக்கு சேர்த்தாலும் சுரங்கள் அதே இடத்தில் வந்து விழுந்தன.

அதன்பின் கம்பெனிக்கு ஒரு கணக்கு வந்தது. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் இணைப்பில் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. கோர்க் பொறிகளில் 48. இரண்டையும் நேராக இணைத்தால் ஒன்று பாதி வேகத்திலோ இருமடங்கிலோ ஓடும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒரே கம்பெனிப் பொறிகளையே வாங்குவது வழக்கமானது. மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்று ரோலண்ட் பொறிகளைச் சேர்த்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்த இசைத்தட்டு 1982ஐச் சேர்ந்தது. சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை தோன்றுவதற்கு முன்பே அதே ஓசையை எட்டிய அந்தத் தட்டை அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் மறுபதிப்பான பிறகே அது பேசப்பட்டது.

கம்பெனிக் கணக்குகளுக்கு முடிவு கட்டியது மிடி என்ற பொது இணைப்பு முறை. செக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷியும் அதை முன்னின்று உருவாக்கினர். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் செக்வென்ஷியலின் புராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஐந்து ஊசி இணைப்பு, 16 சேனல், விநாடிக்கு 31,250 பிட் என்பது அதன் அமைப்பு. பீட்டுக்கு 24 துடிப்பு என்ற ரோலண்டின் கணக்கே இதில் நிலைத்தது. ஒரு சுரச் செய்தி கேபிளைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி ஆகும். செய்திகள் வரிசையில்தான் போக முடியும். ஆகவே பத்துச் சுரங்களை ஒன்றாக அழுத்தினால் கடைசிச் சுரம் சில மில்லிவிநாடி பிந்தியே ஒலிக்கும்.

1985இல் வந்த அடாரி எஸ்டி கணினியில் மிடி துளைகள் உடன்பிறந்தவை. ஆனால் அது பொறிகளை ஓட்டியதே தவிர, ஒலி டேப்பிலேயே பதிவானது. 1991இல் வந்த முதல் புரோ டூல்ஸ் பதிவு அமைப்பு கணினியில் பதிந்தது நான்கே டிராக். 1992இல் விற்பனைக்கு வந்த அலெசிஸ் நிறுவனத்தின் அடாட் ரெக்கார்டர், எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டு டிராக் பதிந்தது. 16 அடாட்களைக் கோத்தால் 128 டிராக். அந்தக் கேசட் மறைந்துவிட்டது. எட்டுச் சேனல்களை ஒரே ஒளியிழையில் அனுப்பும் அடாட்டின் இணைப்பு மட்டும், ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் வாழ்கிறது. கணினிப் பதிவின் தாமதத்தைக் குறைக்க ஸ்டைன்பெர்க் 1997இல் ஆசியோ முறையைக் கொண்டுவந்தது.

பதிவின்போது ஸ்டீரியோ பொறி ஒவ்வொன்றும் இரண்டு உள்ளீடுகளைப் பிடிக்கும். எட்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ் நான்கு பொறிகளிலேயே நிறைந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் 16 டிராக்கை ஒரு மணி நேரம் பதிந்தால் சுமார் 8.3 ஜிபி சேரும். இதே தரத்தில், கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் பஃபரை 256 சாம்பிளாக வைத்தால் அதன் பங்குத் தாமதம் மட்டும் 5.3 மில்லிவிநாடி, ஆகவே கணினி வழியாக அல்லாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேரடியாகக் கேட்டு வாசிப்பது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட டிஜிட்டல் கருவிகளை இணைக்கும்போது அவற்றுள் ஒன்றின் கிளாக்கையே மற்றவை பின்பற்ற வேண்டும். தவறினால் டிராக்கில் ‘டிக் டிக்’ ஒலி விழும். தாளத் துடிப்பைக் கணினியிடம் கொடுக்கக் கூடாது. வேறு வேலைகளுக்கிடையே அது அனுப்பும் மிடி துடிப்பு முன்பின்னாகத் தள்ளாடும். டிரம் மெஷினைத் தலைமையாக்கி, கணினியை டேப் ரெக்கார்டராக மட்டும் வைத்திருப்பதே முறை. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்தால், பெரும்பாலும் பொறிகளின் எர்த் இணைப்புகள் ஒன்றோடொன்று வளையமாகச் சேர்ந்திருக்கும். இடையில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் இரைச்சல் நிற்கும்.

எலெக்ட்ரான் நிறுவனத்தின் ஓவர்பிரிட்ஜ் போன்ற ஏற்பாடுகளில் இப்போது ஒரே யுஎஸ்பி கேபிளில் ஒரு பொறியின் எல்லா டிராக்குகளும் கணினிக்கு வந்துவிடுகின்றன.