சோழவரத்தில் ஓடிய ஃபார்முலா ஒன் கார்

சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் விமானங்களுக்காக ஓர் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் மிஞ்சியது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் கார் பந்தயங்களை நடத்தி வந்தது. கூட்டம் அலைமோதும்!

1980களின் தொடக்கத்தில் அந்த ஓடுதளத்தில் நிஜமான ஃபார்முலா ஒன் கார் ஒன்று ஓடியது. பெயர் என்சைன். இங்கிலாந்தில் மோ நன் என்பவர் நடத்திய சிறிய அணியின் தயாரிப்பு. 3000 சிசி, எட்டு சிலிண்டர் காஸ்வொர்த் எஞ்சின், 450 குதிரைசக்திக்கு மேல். அப்போது நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடருக்கு ஏறக்குறைய 50 குதிரைசக்திதான். பார்த்தவர்கள் வாய் பிளந்ததில் ஆச்சரியம் என்ன?

காரின் சொந்தக்காரர் விஜய் மல்லையா. வயது இருபதுகளில். ஓட்டியவரும் அவரே. இறக்குமதிக்கு அத்தனை கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் இன்னொருவர் அப்படி ஒரு காரை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. மற்றவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் வேறு வழியில் போனார். மாருதி 800-ன் எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற சிறிய ரேஸ் காரை உள்ளூரிலேயே உருவாக்கினார். வேகம் குறைவுதான். ஆனால் செலவும் குறைவு, உதிரி பாகமும் கிடைக்கும். இளைஞர்கள் பலர் ஓட்டிப் பழக முடிந்தது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமே ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் அவர் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

அதே ஜோர்டான் அணி கைமாறிக் கைமாறி 2007-ல் மல்லையாவிடம் வந்து, 2008 முதல் ஃபோர்ஸ் இந்தியா ஆனது. 2018-ல் அது அவர் கையை விட்டுப் போகும் வரை, பெயரில் இந்தியா இருந்த அந்த அணிக்காக ஓர் இந்தியர்கூட கிராண்ட்பிரி பந்தயத்தில் ஓட்டவில்லை!

கார் யாருடையது என்பதைவிட, அதில் யாரை உட்கார விட்டார்கள் என்பதே முக்கியம். கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலுள்ள பந்தயப் பாதையில் இளைஞர்கள் இன்றும் ஓட்டிப் பழகுகிறார்கள்.