சேரியைச் சுற்றிப் பார்த்தல்

வறியவர் குடியிருப்பை வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது நம் காலத்துப் புதுமை அன்று. 1880களிலேயே லண்டன் செல்வர்கள் வைட்சேப்பல் சந்துகளுக்கு வேடிக்கை பார்க்கச் சென்றனர். 'ஸ்லம்மிங்' என்று அதற்கு ஆங்கிலத்தில் பெயரும் வந்தது. அதே வைட்சேப்பலில் 1884இல் டாயின்பி ஹால் நிறுவப்பட்டபோது, பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகளிடையே தங்கிப் பணிபுரியத் தொடங்கினர். பார்த்துத் திரும்புவோரும் பார்த்தபின் தங்கியோரும் ஒரே வட்டாரத்தில்தான் இருந்தனர்.

இவ்வழக்கம் 1990களில் ரியோவின் ரோசின்ஹாவிலும், 2006இல் மும்பை தாராவியிலும் ஒழுங்கான தொழிலாயிற்று. தாராவியை நாம் அயலார் ஊராகக் கருத இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழகத்துத் தோல் தொழிலாளர் அங்கே குடியேறினர். பின்னர் நெல்லைச் சீமையிலிருந்து பலர் சென்றனர். 'நாயகன்' (1987), 'காலா' (2018) ஆகிய படங்களின் வழியே நாமும் அச்சந்துகளைச் சுற்றிப் பார்த்தவர்களே. நமக்கு வழிகாட்டியது திரைப்படக் கருவி, அவ்வளவே வேறுபாடு.

தாராவிச் சுற்றுலாவைத் தொடங்கிய நிறுவனம் புகைப்படம் எடுப்பதைத் தடுத்தது. இலாபத்தின் பெரும்பகுதியைக் கல்விப் பணிக்கு ஒதுக்கியது. அவ்வட்டாரத்து இளைஞரையே வழிகாட்டியாக்கியது. காட்டப்படுவதும் மறுசுழற்சி, தோல், மட்பாண்டம் எனப் பெரும்பாலும் உழைப்பே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பார்க்க வந்தவர் வீட்டுக்கு, பார்க்கப்பட்டவர் ஒருநாளும் விருந்தினராகச் செல்வதில்லை.

இனி நம் கோவைக்கு வருவோம். 1888இல் இங்கு முதல் பஞ்சாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. சுற்றுக் கிராமத்தவர் லைன் வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். உதகைக்குச் செல்லும் பயணியர் இவ்வீடுகளைக் கடந்தே போயினர். எவரும் இறங்கிப் பார்க்கவில்லை. சின்னியம்பாளையம் வழக்கில் நான்கு பஞ்சாலைத் தொழிலாளர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த தெருக்களைக் காட்ட இன்று யார் இருக்கிறார்கள்?

பார்ப்பதில் இழிவு நேரலாம். பாராமுகத்தாலோ வரலாறே அழிகிறது. மூடிய ஆலைகளோடு லைன் வீடுகளும் மறைந்துவருகின்றன; தாராவியும் மறுசீரமைப்புக்கு உள்ளாகிறது. அங்கே வாழ்ந்த முதியவர் ஒருவர் முன்னே நடந்து, எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதைத் தாமே முடிவுசெய்வாரானால், அந்நடையை வேடிக்கை என்று நாம் ஒதுக்கமாட்டோம். ஏட்டில் ஏறாத வரலாற்றை அவரிடமிருந்தே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.