விளையாட்டுக் கணினியில் செயலியும் வரைகலை அட்டையும்: சமநிலையின் வரலாறு

கணினி விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு சட்டகமும் இரண்டு உறுப்புகளின் உழைப்பால் உருவாகிறது. விளையாட்டின் விதிகள், பாத்திரங்களின் அசைவு, மோதல் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கட்டளை அனுப்புவது செயலி, அதாவது பிராசசர். அக்கட்டளைப்படி படத்தைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை. இரண்டில் மெதுவானது எதுவோ, அதுவே விளையாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இது எளிதில் விளங்கும். 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இங்கு வருகிறது. அணை நிரம்பினாலும் சுரங்கம் கொள்ளும் அளவே கிடைக்கும். மிகுதி கேரளப் பக்கம் வழிந்துவிடும். அணை வறண்டிருந்தால் சுரங்கத்தை அகலப்படுத்திப் பயனில்லை. செயலியின் கட்டளைகள் அணை நீர் என்றால், வரைகலை அட்டை சுரங்கம்.

சுமை இடம் மாறிய கதை

1996இல் ஐடி சாப்ட்வேர் வெளியிட்ட குவேக் விளையாட்டில், முப்பரிமாணப் படத்தைத் தீட்டும் வேலையையும் செயலியே செய்தது. தசம எண் கணக்கில் வலுவான பென்டியம் செயலியில் அது நன்றாக ஓடியது. அதே ஆண்டு வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை தீட்டும் வேலையை ஏற்றுக்கொண்டது. ஆனால் உருவங்களின் இடத்தைக் கணக்கிடும் வேலை செயலியிடமே தங்கியது. அதனால் 1998இல் வந்த வூடூ2 அட்டையின் முழுப் பயனைப் பெற வேகமான செயலியும் தேவைப்பட்டது.

1999இல் என்விடியாவின் ஜீபோர்ஸ் 256 அந்தக் கணக்கையும் ஒளியமைப்பையும் அட்டைக்குள் கொண்டுவந்தது. 2015இல் டைரக்ட்எக்ஸ் 12, 2016இல் வல்கன் ஆகிய மென்பொருள் இடைமுகங்கள், கட்டளை அனுப்பும் சுமையைக் குறைத்து, செயலியின் பல கருக்களுக்கும் பகிர்ந்தளிக்க வழிசெய்தன.

தமிழ்நாட்டில்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கணினியே இல்லாத பல வீடுகளுக்குள் அது நுழைந்தது. பெரும்பாலான மடிக்கணினிகளில் வரைகலை அட்டையைத் தனியே மாற்ற இயலாது. எனவே மேசைக் கணினி வாங்கும்போதுதான் சமநிலைக் கேள்வி எழுகிறது.

பணம் செலவிடும் முன்

நொடிக்கு 60 சட்டகம் வேண்டுமெனில் ஒவ்வொன்றும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். செயலி 20 மில்லிநொடி எடுத்தால் 50 சட்டகத்துக்கு மேல் வராது. அட்டைக்கு ஆகும் நேரம் 10 மில்லிநொடியிலிருந்து 5 ஆகக் குறைந்தாலும் அதே 50தான்.

தடை எங்கே என்பதைச் செலவின்றி அறியலாம். விளையாட்டின் திரைத் தெளிவை 1920×1080இலிருந்து 1280×720 ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். சட்டக எண்ணிக்கை உயர்ந்தால் அட்டை போதவில்லை; அப்படியே நின்றால் பெரும்பாலும் செயலியே தடை. புதிய செயலி பழைய தாய்ப்பலகையில் பொருந்துமா, புதிய அட்டைக்கு மின்வழங்கி தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

சுமை காலந்தோறும் இடம் மாறியிருக்கிறது. விளையாட்டுக்கு விளையாட்டும் மாறுகிறது. ஆகவே விலை உயர்ந்த அட்டையே தீர்வு என்று வீட்டுச் சேமிப்பைக் கொட்டுவதற்கு முன், இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.