வாசனைத் தேயிலை: இலையை உயர்த்தவா, இலையை மறைக்கவா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒக்டோபர் பிறந்தால் ஐரோப்பாவில் மரங்கள் இலை உதிர்க்கும். வெளியில் குளிர், வீட்டுக்குள்ளே போர்வை, கையில் சூடான கோப்பை என்பது அந்த மக்களின் பழக்கம். அந்தக் கோப்பைக்காகவே அப்பிளும் கறுவாவும், தோடம்பழத் தோலும் கராம்பும், வனிலா, கரமல் என்று வாசனை ஊட்டிய தேயிலைப் பெட்டிகள் அங்கே கடைகளில் அடுக்கப்படும். அவற்றில் ஒரு பகுதி இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே கப்பலேறியது. இப்போது அதே மாதிரிப் பெட்டிகள் வெலிமடை, பண்டாரவளைச் சுப்பர்மார்க்கெட்டுகளிலும் நிற்கின்றன. கலியாண வீட்டுக்கு அன்பளிப்பாகவும் கொண்டுபோகிறார்கள்.

“சேர், இது அசல் தேயிலையா, இல்லாட்டி கலப்படமா?” என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லக்கூடிய விடயமல்ல இது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற வழக்கு.

தேயிலையைப் பற்றி முதன்முதலில் தனி நூல் எழுதியவர் சீனாவின் லூ யூ. 8ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய காலத்தில் சாதாரண சனம் தேயிலையோடு வெங்காயத் தாள், இஞ்சி, இலந்தைப் பழம், தோடம்பழத் தோல், புதினா எல்லாம் போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்துக் குடித்தது. சூப் என்றே சொல்லலாம். லூ யூவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கானில் ஊற்ற வேண்டிய தண்ணீர் என்ற பொருளில் திட்டி எழுதியிருக்கிறார். ஆக, தேயிலையில் வேறு பொருள் சேர்ப்பது நேற்று வந்த நாகரிகம் அல்ல. சேர்க்காமல் வெறும் இலையைக் குடிப்பதுதான் பின்னால் வந்த கொள்கை. அவர் கூட உப்பை மட்டும் விட்டுவைத்தார்!

அடுத்த கட்டம் நமக்கு இன்னும் சுவாரசியமானது. 11ஆம் நூற்றாண்டில் காய் சியாங் என்ற சீன அதிகாரி அரசருக்கு ஒரு தேயிலை நூல் எழுதினார். அரண்மனைக்குக் காணிக்கையாகப் போகும் தேயிலைக் கட்டிகளில் மணம் கூட்டுவதற்காகப் பச்சைக் கர்ப்பூரம் சிறிதளவு சேர்க்கிறார்கள் என்று அதில் சொல்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: அந்தத் தேயிலை விளையும் ஊர்க்காரர்கள் தாங்கள் குடித்துப் பார்க்கும்போது வாசனை எதுவும் சேர்ப்பதில்லை, இலையின் சொந்த மணம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். விளைவித்தவனுக்கு இலையின் மணம் போதும், தூரத்தில் இருக்கிற பெரிய மனிதருக்கு அதற்கு மேலே ஒன்று வேண்டும். இந்தப் பிரிவு இன்றைக்கும் மாறவில்லை என்பது என் எண்ணம்.

பச்சைக் கர்ப்பூரம் சீனாவின் பொருளல்ல. சுமாத்திராவின் பாரூஸ் துறைமுகமும் போர்னியோவும்தான் அதற்குப் பேர் போன இடங்கள். அரபு வணிகர்களும் தமிழ் வணிகர்களும் பாரூஸுக்குப் போய்வந்தார்கள். அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் வெட்டி வைத்தது. ஸூரத்துல் இன்ஸானில் 5ஆம் வசனத்தில் காபூரும் 17ஆம் வசனத்தில் ஸன்ஜபீல் என்ற இஞ்சியும் பானத்தின் கலவையாகச் சொல்லப்படுவதை நீங்கள் ஓதியிருப்பீர்கள். சுவனத்துப் பானத்தை நம்ம கோப்பையோடு ஒப்பிடவில்லை, நஊதுபில்லாஹ். பானத்தில் மணப்பொருள் கலப்பது அரபிகள் அறிந்த விடயம் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

மல்லிகைத் தேயிலைக்கு வருவோம். வாசனை ஊட்டும் கலையில் இதற்கு நிகர் இல்லை என்பேன். சீனாவின் பூசோ நகரம் இதற்குப் பேர் பெற்றது. பகலில் மொட்டைப் பறிப்பார்கள். மல்லிகை இரவில்தான் விரியும். விரியும் நேரத்தில் பச்சைத் தேயிலையோடு கலந்து விடுவார்கள். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. (அதனால்தான் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் கருவாட்டை வைக்க வேண்டாம் என்று உம்மாமார் சொல்வது.) விடிந்ததும் பூவைப் பிரித்து எடுத்துவிட்டு இலையை மீண்டும் உலர்த்துவார்கள். அடுத்த இரவு புதுப் பூ. நல்ல தரத்துக்கு இப்படி ஐந்தாறு இரவு. கடைசியில் இலையில் மணம் இருக்கும், பூ இருக்காது. நிறையப் பூ இதழ் கலந்து அழகாகத் தெரிகிற தேயிலைதான் உயர்ந்தது என்று நினைப்பது தவறு.

இனி இங்கிலாந்து. ஏர்ல் கிரே என்ற பெயரை எல்லோரும் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். 1830 முதல் 1834 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த சார்ல்ஸ் கிரே பிரபுதான் அவர். அவர் ஒரு சீனரின் மகனைக் காப்பாற்றியதாகவும் நன்றிக்குச் சீனர் இந்தக் கலவையைக் கொடுத்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. அதில் சேர்வது இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பேர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய். அது சீனத்துப் பழமும் அல்ல.

கிரேக்கும் தேயிலைக்கும் உண்மையான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1833இல் அவருடைய அரசாங்கம்தான் சீனத் தேயிலை வியாபாரத்தில் கிழக்கிந்தியக் கம்பனிக்கு இருந்த தனியுரிமையை ஒழித்தது. அதன்பின் யாரும் தேயிலை கொண்டுவரலாம் என்றானது. போட்டி கூடியது, மட்டமான சரக்கும் கூடியது. 1837இல் லண்டனில் ஒரு தேயிலை நிறுவனம் மலிவான தேயிலைக்குப் பேர்கமொட் மணம் ஏற்றி உயர்ந்த தேயிலை என்று விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. இன்றைக்குப் பெருமையாகக் குடிக்கும் அதே மணம் அன்றைக்கு ஏமாற்றுக்கான அடையாளம்.

வாசனை மட்டுமல்ல, நிறமும் ஏமாற்றியது. தேயிலைச் செடியின் இரகசியம் தேடிச் சீனாவுக்குப் போன றொபர்ட் போர்ச்சூன், ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்கு நீலச் சாயமும் ஜிப்சமும் பூசுவதைக் கண்ணால் பார்த்தார். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அந்தச் சாயப் பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. சீனத் தேயிலை மேல் ஆங்கிலேயருக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அந்த நம்பிக்கைக் குறைவில்தான் நம்ம நாட்டுத் தேயிலை நுழைந்தது. 1824இல் பேராதனைப் பூங்காவில் சீனச் செடி நடப்பட்டாலும் அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை, எல்லோரும் கோப்பிக்குப் பின்னால். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்தது. சில வருடங்களில் கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து நமக்குப் பக்கத்தில் ஹப்புத்தளைத் தம்பேதென்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். எடை குறித்த பொதியில், தோட்டத்திலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு என்ற பேச்சோடு விற்றார். சிலோன் தேயிலை பெயர் எடுத்தது சுத்தத்தால். ஒன்றும் சேர்க்காதது என்பதே அதன் விளம்பரம். அந்த நாட்டிலிருந்து இன்று அப்பிள் மணமும் கரமல் மணமும் போகிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கோபம் வராது. வெறும் தேயிலையை மூட்டையில் விற்பதைவிடப் பெட்டியில் விற்றால் நாட்டுக்குக் கூடுதல் காசு.

அப்படியானால் நம்ம இஞ்சிப் பிளேன்டி எந்தப் பக்கம்? மறைப்பா, உயர்த்தலா? இரண்டும் இல்லை. அதற்கு மொறொக்கோவைப் பார்க்க வேண்டும். அங்கே அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டிலேயே தேயிலை இருந்தாலும், ஊர் முழுக்கப் பரவியது 19ஆம் நூற்றாண்டில். 1853 முதல் 1856 வரையான கிரைமியப் போரால் வழமையான சந்தைகள் முடங்க, ஆங்கிலேய வணிகர்கள் சீனப் பச்சைத் தேயிலையைத் தாஞ்ஜியர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த மக்களிடம் ஏற்கெனவே புதினா கொதிநீர் இருந்தது. தேயிலைதான் புதினாவுக்குள் விருந்தாளியாக வந்தது. நம்மிடமும் அப்படியே. மல்லியும் இஞ்சியும் கொதிக்க வைத்துக் குடிப்பது தேயிலைக்கு முந்திய பழக்கம். கோப்பி வந்தபோது அதற்குள்ளும் இஞ்சி போட்டோம். தேயிலை வந்தது, அதற்கும் போட்டோம். விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகும் நாட்டில் கடைத் தேத்தண்ணிக்கு வருவது பெரும்பாலும் தூள். சாயம் நிறைய, மணம் குறைவு. அந்த இடத்தை இஞ்சியும் ஏலமும் நிரப்பின. அதில் ஒளிவுமறைவு கிடையாது. இஞ்சியைத் தட்டிப் போடுவது கண்ணுக்கு முன்னால்.

இதை ஊவாவில் இருந்துகொண்டு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி நம்ம பக்கம் உலர்ந்து இறங்குகிறது. கச்சான் என்று நாம் சொல்லும் காற்று. அந்த வரட்சியில் தேயிலைச் செடி தன்னைக் காத்துக்கொள்ள இலைக்குள் சில மணப்பொருட்களைக் கூட்டுகிறது. அதில் ஒன்று மெதைல் சலிசிலேற், நோவுத் தைலங்களில் மணக்கிறதே, அதே பொருள். ஊவாப் பருவத் தேயிலையில் மூக்கை லேசாகக் குளிர வைக்கும் அந்த மணம் யாரும் ஊற்றியதல்ல. தேயிலைச் சுவைஞர்கள் அதற்கு ஊவா என்றே பெயர் வைத்து உயர்ந்த விலை கேட்கிறார்கள்.

இதில் யாரும் பேசாத பக்கம் ஒன்று உண்டு. வரட்சியில் மணம் கூடும்போது கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் தோட்டத்துச் சகோதரிகளின் கூடை நிரம்பாது. நிர்ணயித்த கிலோ வராத நாளில் அரைப்பேர் போடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். உலகச் சந்தையில் நம்ம தேயிலை மிக உயர்ந்து நிற்கும் மாதங்கள்தான் பறிக்கிறவரின் கை மிகவும் வரளும் மாதங்கள். நம்ம வகுப்பில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓகஸ்டில் அவர்களுடைய வரவு ஏன் குறைகிறது என்று ஆசிரியர்கள் கேட்கும்போது இதையும் நினைக்க வேண்டும்.

வகுப்பில் நாலு கோப்பை வைத்து ஒப்பிட்டோம்: மல்லிகைத் தேயிலை, ஏர்ல் கிரே, அப்பிள் கறுவா, சேர்க்கை எதுவும் இல்லாத ஊவா. சுவைஞர்களின் கணக்கு 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். சூட்டோடு குடித்தபோது பிள்ளைகளின் வாக்கு அப்பிள் கறுவாவுக்கே. பிறகு நாலையும் ஆறவிட்டோம். முக்கால் மணித்தியாலம் கழித்து நிலைமை வேறு. அப்பிள் கறுவாவில் மணம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, நாக்கில் தேயிலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏர்ல் கிரேயின் தோல் மணம் பறந்து, மெலிந்த சாயம் மட்டும். மல்லிகை அப்படியே நின்றது. ஊவா கலங்கிப் பால் போல ஆகிவிட்டது. “சேர், இது பழுதாப் போச்சு” என்றார் ஒரு பிள்ளை. பழுதல்ல. வலுவான தேயிலை ஆறும்போது அதன் சத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து இப்படிக் கலங்கும். சுவைஞர்கள் அதைக் கண்டால் சந்தோசப்படுவார்கள்.

ஆகவே வாசனைத் தேயிலை வாங்குகிறவர்கள் ஒரு கோப்பையை ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். மணம் போனபிறகும் குடிக்கக்கூடியதாக இருந்தால் கொடுத்த காசு சரி. பெட்டியில் சிங்க இலச்சினை இருந்தால் இலை இலங்கையுடையது, இங்கேயே பொதி செய்தது என்று அர்த்தம். உள்ளே ஊற்றிய மணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் பார்க்க வேண்டும், கறுவாப் பட்டை என்பது வேறு, கறுவாச் சுவையூட்டி என்பது வேறு. சில்லறையாக நிறுத்து வாங்கும் தூள் என்றால் ஈர வெள்ளைக் கடதாசியில் கொஞ்சம் தூவுங்கள். உடனே சாயம் பரவினால் அந்தத் தூளில் நிறம் கலந்திருக்கிறது, அந்தக் கடைக்குத் திரும்பப் போக வேண்டாம்.

சும்மா குடிக்க ஆசைப்படுகிறவர்கள் அடுத்த ஓகஸ்டில் தெரிந்த தோட்டத் தொழிற்சாலையில் சொல்லி வைத்து, பருவத் தேயிலை 200 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கோப்பைக்குப் பாலும் வேண்டாம், இஞ்சியும் வேண்டாம். சீனி உங்கள் விருப்பம்.