மூலவரா, உற்சவரா? லினக்ஸ் டிரைவர்களின் கதை

ஸ்ரீரங்கம் போனவங்களுக்குத் தெரியும்: கருவறையில பள்ளிகொண்ட பெரிய பெருமாள் இடத்தை விட்டு நகரமாட்டார். வீதியுலா வர்றது உற்சவர் நம்பெருமாள். 14-ஆம் நூற்றாண்டு படையெடுப்புல மூலவரை மறைச்சு சுவர் எழுப்பினாங்க, உற்சவரை ஊர் ஊரா எடுத்துட்டுப் போய் 1371-ல திரும்பக் கொண்டுவந்தாங்கன்னு ‘கோயில் ஒழுகு’ சொல்லுது. நகராதது ஒண்ணு, நகர்றது ஒண்ணு. கோயிலுக்கு ரெண்டும் வேணும்.

இன்னிக்குக் கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு ஹார்டுவேர் டிரைவரை லினக்ஸ் கர்னலோட சேர்த்தே கம்பைல் பண்ணணுமா, இல்ல தேவைப்படும்போது ஏத்திக்கிற மாட்யூலா வைக்கணுமா?

1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ்ல இந்தக் கேள்வியே கிடையாது. அவர்கிட்ட இருந்தது ஒரு 386 பிசி. அதுக்கு வேண்டியது எல்லாம் கர்னலுக்குள்ளயே இருந்துச்சு. ஊர் உலகம் லினக்ஸ் போட ஆரம்பிச்சதும் சிக்கல். புது நெட்வொர்க் கார்டு வாங்கினா கர்னலை மறுபடி கம்பைல் பண்ணணும். சரி, எல்லா டிரைவரையும் உள்ள திணிச்சா? 1.44 எம்பி ஃபிளாப்பியில அடங்காது. அதோட, அந்தக் காலத்து ஐஎஸ்ஏ டிரைவர்கள் ‘நீ என் கார்டா?’ன்னு ஒவ்வொரு போர்ட்டையும் தட்டிப் பார்க்கும். தப்பான கார்டைத் தட்டினா மெஷினே உறைஞ்சு போகலாம்.

1995 மார்ச்ல வந்த 1.2 பதிப்புல மாட்யூல் வசதி இருந்துச்சு. ஆனா ஒண்ணு: மாட்யூல் தனி ஆள் இல்ல. ஏறிட்டா அதுவும் கர்னல்தான். வேகத்துல பெரிய வித்தியாசம் இருக்காது. அதுல பக் இருந்தா மொத்த சிஸ்டமும் விழும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டிஸ்க்கைப் படிக்கிற டிரைவர் அந்த டிஸ்க்குக்குள்ளயே மாட்யூலா இருந்தா? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின கதைதான். அதுக்குத்தான் 1996-ல வந்த 2.0 பதிப்புல இன்இட்ஆர்டி. பூட் ஆகும்போதே ஒரு சின்னப் பொட்டலம் மெமரிக்கு வரும், சாவி அதுல இருக்கும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2011-ல ஸ்ரீரங்கம் தொகுதியில ஜெயிச்சு முதல்வரான ஜெயலலிதா, செப்டம்பர் 15 அன்னிக்கு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினாங்க. எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்கள்ல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் சென்னையில, டெபியனை வச்சு உருவாக்கினது அது. லேப்டாப் தந்தது ஒரே கம்பெனி இல்ல, மாடலும் ஒண்ணு இல்ல. டிரைவர் எல்லாம் உள்ளயே பூட்டியிருந்தா, ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கர்னல் செஞ்சு பராமரிக்கணும். டெபியன் வழி வேற: ஒரே கர்னல், பக்கத்துல மாட்யூல் குவியல். பூட் ஆகும்போது ஹார்டுவேர் தன் அடையாள எண்ணைச் சொல்லும், பொருந்துற மாட்யூல் மட்டும் ஏறும். திருச்சியில ஒரு பிளஸ் டூ பொண்ணு கையில எந்த மாடல் வரும்னு சென்னையில யாருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டியதில்ல.

உங்க போன்லயும் இதே கதைதான். ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு கம்பெனியும் கர்னலையே வெட்டி ஒட்டினதால, பாதுகாப்பு அப்டேட் வந்து சேர்றது பெரும்பாடா இருந்துச்சு. அதனால 5.10 கர்னலோட, ஆண்ட்ராய்டு 12-ல வெளிவர்ற போன்களுக்கு கூகுள் ஒரு விதி வச்சது: கர்னல் எல்லாருக்கும் பொது, கம்பெனி டிரைவர்கள் மாட்யூலா இருக்கணும்.

அப்போ மாட்யூல்தான் எப்பவும் சரியா? இல்ல. ஒரு மின் மீட்டர், ஒரு ரவுட்டர் மாதிரி ஹார்டுவேர் மாறவே மாறாத பெட்டின்னா எல்லாத்தையும் உள்ளயே வச்சு, மாட்யூல் வசதியையே மூடிடலாம். உள்ள நுழைஞ்சவன் சுலபமா தன் மாட்யூலை ஏத்த முடியாது. அந்த பயம் நிஜம். அதனாலதான் 2012-ல வந்த 3.7 பதிப்புல, மாட்யூலுக்குக் கையெழுத்து இருக்கான்னு சரிபார்க்கிற வசதி சேர்ந்துச்சு.

ஆக, நான் கேட்கிறது ஒரே கேள்வி. கம்பைல் பண்றவருக்கு, இது எந்த மெஷின்ல ஓடப்போகுதுன்னு தெரியுமா? தெரிஞ்சா மூலவர். தெரியலன்னா உற்சவர்.

உங்க லினக்ஸ்ல டெர்மினலைத் திறந்து எல்எஸ்மாட்னு அடிச்சுப் பாருங்க. இந்த நிமிஷம் வெளிய உலா வந்திருக்கிறவங்க எல்லாரும் வரிசையா வருவாங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.