ஒட்டும் பொருத்தும்: மன்னார்க் கரையில் வீடு பேணலின் வரலாறு

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மாதோட்டத் துறைமுகத்திலும் திருக்கேதீச்சரத்திலும் தொடங்குவர். முத்துக்குளிப்பைக் கடந்து, போர்த்துக்கேயர் 1560 இல் அமைத்து ஒல்லாந்தர் 1658 இல் கைப்பற்றிய கோட்டைக்கு வருவர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பில் எழுப்பிய மாளிகையின் இடிபாட்டோடு நிறைவு செய்வர். இவை யாவும் வரலாற்றுக்கு உரியனவே. ஆயினும் கோட்டையைச் சூழவும் மாளிகையின் அயலிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் எங்கே என்னும் வினாவை இந்நூல்கள் எழுப்புவதில்லை.

அவ்வீடுகள் அழிந்துபோனமையால் அவை வரலாற்றில் இடம்பெறவில்லை என்று கூறுவது முழு உண்மையாகாது. மாளிகை கைவிடப்பட்டது, ஆதலால் இடிபாடாகி நம் கண்ணிற் படுகின்றது. குடியானவன் வீடு ஆண்டுதோறும் பழுதுபார்க்கப்பட்டது. ஆதலால் இடிபாடாகவில்லை, பழைமையும் எய்தவில்லை. ஓலை மாறியது, மரம் மாறியது, வீடு மட்டும் நின்றது. இவ்வாறு இடையறாது நிகழ்ந்த பழுதுபார்த்தலே சாமானிய மக்களின் வரலாற்றுக்கு நமக்குக் கிடைக்கும் சான்று என்பது இக்கட்டுரையின் துணிபு. அரசின் கொள்கையும் போரும் சந்தையும் ஒரு குடும்பத்தை எவ்வாறு தொட்டன என்பதை அறிய, அக்குடும்பம் அவ்வக் காலத்தில் எதனைப் பழுதுபார்க்க நேர்ந்தது, எதைக் கொண்டு பழுதுபார்த்தது என நோக்குதல் போதுமானது.

ஓலையும் உழைப்பும்

மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையும் வறண்ட நிலம். மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாதங்களிலேயே பெய்து தீர்கின்றது. எனவே மாரிக்கு முன் கூரை வேய்தல் வீட்டு நாட்காட்டியின் தவிர்க்கவியலாத கடமையாயிற்று. பனையோலையும் தென்னோலைக் கிடுகும் கூரையாயின. ஓலையும் கதியாலும் வேலியாயின. கிடுகு பின்னுதலும் சாணமிட்டுத் தரை மெழுகுதலும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தன. வேய்தல் ஆண்களின் வேலையாகவும், அயலவர் கூடிச் செய்யும் வேலையாகவும் அமைந்தது. இன்று ஒருவர் கூரைக்கு வந்தால் நாளை அவர் கூரைக்கு இவர் செல்லவேண்டும். பழுதுபார்த்தல் இங்கு ஒரு சமூக உறவாகவே இயங்கியது.

இவ்வகைக் கட்டடக் கலையின் வலிமையை முத்துக்குளிப்புக் காலங்களிற் காணலாம். குளிப்பு அறிவிக்கப்பட்டதும் மரிச்சுக்கட்டி போன்ற வெறுங் கரைகளில் பல்லாயிரம் பேருக்கு ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகர் சில வாரங்களில் எழும். குளிப்பு முடிந்ததும் மறையும். 1906 ஆம் ஆண்டுக் குளிப்பில் பணியாற்றிய இளம் அதிகாரியான லெனாட் வூல்வ் பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்றார். அந்நகரை எழுப்பிய கைகளுக்கு உரியோரின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

1964 டிசெம்பர் 22, 23 ஆம் நாட்களில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து இக்கரையையும் தாக்கியது. அத்தகைய அழிவிலும் ஓலை வீட்டுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. வீழ்ந்த மரமே வளையாகவும் கப்பாகவும் அதன் ஓலையே கூரையாகவும் பயன்படக்கூடியன. வீடு சிதையும்போது அதனைத் திருத்துவதற்கான பொருளும் அறிவும் வீட்டாரிடமே இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இறக்குமதியும் திறந்த சந்தையும்

வெளியிலிருந்து வந்த பொருள்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1970 முதல் 1977 வரையான ஆட்சிக் காலத்தில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உதிரிப்பாகம் அரிதானது, ஆதலால் துவிச்சக்கர வண்டியும் தையல் இயந்திரமும் வானொலியும் ஒட்டு மேல் ஒட்டாக ஆயுள் நீட்டப்பெற்றன. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றோர் ஒலிநாடாக் கருவிகளை அனுப்பினர். பாடல் கேட்பதற்கு மட்டுமன்றி, குரலைப் பதிந்து கடிதமாக அனுப்புவதற்கும் அவை பயன்பட்டன. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாகினியும் ஒளிபரப்பைத் தொடங்கின.

இதே ஆண்டுகளில் உலகின் பிற பகுதிகளில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் பயன் தரும். 1975 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு வீட்டு வாகனக் கொட்டிலில் கணினி ஆர்வலர் கழகம் ஒன்று கூடியது. அதன் உறுப்பினர் சிலரின் முயற்சியிலிருந்து 1976 இல் அப்பிள் நிறுவனம் பிறந்தது. 1981 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த சிங்கிளெயர் இசட்.எக்ஸ். 81 என்னும் சிறு கணினியை முழுமையாகவும் வாங்கலாம். குறைந்த விலைக்கு உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பற்றாசு பிடித்துப் பொருத்தியும் கொள்ளலாம். அடுத்த ஆண்டு வந்த ஸ்பெக்ட்ரத்தின் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைற்று மட்டுமே. வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரை. ஒலிநாடாக் கருவியே அதன் களஞ்சியம். மன்னாரில் குரற் கடிதம் பதிந்த கருவியும் இலண்டனில் கணினி நிரல் பதிந்த கருவியும் ஒன்றே. கழற்றிப் பார்க்கும் ஆவலும் கைத்திறனும் இரு கரைகளிலும் இருந்தன. வேறுபட்டது, உதிரிப்பாகம் கிடைத்தமையும் கிடையாமையுமே. அங்கு மிகுதியிலிருந்து பிறந்த விளையாட்டு தொழில்நுட்ப வரலாறு எனப் போற்றப்படுகின்றது. இங்கு குறைவிலிருந்து பிறந்த அறிவு வறுமையின் அடையாளமாக மறக்கப்படுகின்றது. இம்மதிப்பீட்டை நாம் ஏற்கவேண்டியதில்லை.

தடையின் காலம்

1990 இல் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலியின் ஊர்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கின. சிறிது காலத்துக்கெனக் கட்டிய கொட்டில்களைப் பலர் ஆண்டுக்கணக்கில் வேய்ந்து திருத்தி வாழ நேர்ந்தது. அவர்கள் விட்டுவந்த கல்வீடுகள் திருத்துவாரின்றிக் காடேறின. தனது வீட்டைப் பழுதுபார்க்கும் உரிமையை இழப்பதே அகதி நிலையின் உட்பொருள் எனக் கூறின் மிகையாகாது.

அரசின் பொருளாதாரத் தடை, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பெருநிலப்பரப்பையும் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் வேறு வகையில் வாட்டியது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரும்பு, பசளை முதலியன தடைக்குள்ளாயின. மின்சாரம் இல்லை. இந்நிலையிற் பிறந்த கருவிகள் மூன்றை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் வார்த்து, துவிச்சக்கர வண்டியின் வால்வினூடாக நூற்றிரியைச் செலுத்தி எரிப்பர். போத்தலே காற்றுக்கு மறைப்பும் ஆயிற்று. சுடர் சிறிது, செலவும் சிறிது. ஒரு தலைமுறை இவ்வொளியிலேயே பரீட்சைக்குப் படித்தது.

இரண்டாவது, டைனமோ வானொலி. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோ ஏறக்குறைய 6 வோற்று மின்னைத் தரும். அது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். ஆகவே பழைய கருவியொன்றிலிருந்து கழற்றிய இருவாயிகளால் மின்னைச் சீராக்கி, கொள்ளளவியால் அதன் ஏற்ற இறக்கத்தைத் தணித்தனர். செய்தி நேரத்தில் வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்து மிதியைச் சுழற்ற, பெரியோர் கேட்டனர். பாடநூலில் வரிப்படமாகக் கண்ட சுற்று, முற்றத்தில் ஒலியெழுப்பிற்று.

மூன்றாவது, 'சூப்பி'. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடச் செய்யலாம். ஆனால் குளிர்ந்த இயந்திரத்தை அதனால் இயக்கித் தொடங்கல் அரிது. ஆதலால் சிறு பிளாஸ்திக் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைச் செலுத்தித் தொடக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். படகின் வெளியிணைப்பு இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய கடற்றொழிலாளருக்கு இம்முறை முற்றிலும் புதியதன்று.

இக்கருவிகளை வியப்போர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. மண்ணெண்ணெய்ப் புகை நுரையீரலைக் கெடுத்தது. தவறி விழுந்த விளக்குத் தீயும் விளைத்தது. மருந்துத் தட்டுப்பாட்டுக்கு ஒட்டுவேலை இல்லை. மக்களின் சமயோசிதத்தைப் புகழ்ந்து, அவர்களை அந்நிலைக்குத் தள்ளியோரை மறப்பது வரலாறாகாது. தடை அறிவைத் தோற்றுவிக்கவில்லை. முன்பே இருந்த அறிவை அது கசக்கிப் பிழிந்தது என்பதே பொருந்தும்.

கூரையைக் கழற்றிச் சென்றோர்

2007 முதல் 2009 வரையான இறுதிப் போரில் மடு, மாந்தை மேற்குப் பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். வன்னியெங்கும் பெயர்ந்தோரிற் பலர் வீட்டுக் கூரைத் தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிச் சென்றமை பதிவாகியுள்ளது. கழற்றவும் மீளப் பொருத்தவும் கூடியதாக இருந்தமையாலேயே கூரை அவர்களுடன் சென்றது. மீண்டும் மீண்டும் நிழலாயிற்று.

இப்பின்னணியில் மீள்குடியேற்ற வீடமைப்பை நோக்கவேண்டும். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்ரோபரில் ஆரம்பமாயிற்று. வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட, வீட்டாரே கட்டுமானத்தை முன்னின்று நடத்தினர். தொகை போதாமையால் கடன்பட்டோர் உளர். எனினும் சுவரில் என்ன உள்ளது, எந்த மேசன் கட்டினார், வெடித்தால் யாரை அழைப்பது என்பவற்றை வீட்டார் அறிந்திருந்தனர்.

இதற்கு மாறாக 2015, 2016 ஆம் ஆண்டுகளில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை வடக்கிலும் கிழக்கிலும் அமைக்க அரசு முனைந்தது. வீடு ஒன்றின் விலை தொடக்கத்தில் 20 இலட்சம் ரூபாவுக்கு மேலாகக் கூறப்பட்டது. கல்வீட்டுக்கு அப்போது அரசு வழங்கிய உதவி 8 இலட்சமாக இருந்தது. வெப்பம், உறுதி, செலவு ஆகியன பற்றிப் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் வினா எழுப்பினர். உள்ளூர் மேசனும் தச்சனும் திருத்தமுடியாத வீடு என்பதும் அவ்வாதங்களுள் ஒன்று. உப்புக்காற்று ஆணியையே தின்னும் மன்னார்க் கரையில் இவ்வாதத்தின் கனம் சொல்லாமலே விளங்கும். பெருந்தொகையான அவ்வீடுகள் ஈற்றில் எழவில்லை.

கணினி வந்த வீடு

2002 இன் போர்நிறுத்தத்துக்குப் பின்னரும் குறிப்பாக 2009 இன் பின்னரும் கணினி இப்பகுதி வீடுகளுக்குள் வரத்தொடங்கிற்று. வீட்டுக்கு வந்தவற்றுட் பல பிறர் கையில் ஆண்டு பல கழித்த பழையன. உப்பீரம், புழுதி, மின்னழுத்தத் தளம்பல் ஆகியவற்றை எதிர்கொள்ள அவை அமைக்கப்படவில்லை. திரை இருண்டால் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய முனைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து மீளப் பொருத்துவர். படிந்த மாசு நீங்க, மின்தொடுகை சீராகிக் கணினி உயிர்பெறும். ஒவ்வொரு முறையும் நாட்காட்டி பழைய ஆண்டுக்குத் திரும்பினால் தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்ததென அறிவர். டைனமோவுக்கு இருவாயி பொருத்திய அறிவும் இதுவும் ஒரே மரபின் இரு கிளைகள் எனலாம்.

ஆயினும் இம்மரபு இன்று நெருக்கடியில் உள்ளது. கைப்பேசி பசையால் ஒட்டப்பட்டு வருகின்றது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றாசு பிடிக்கப்பட்டுள்ளது. திறக்க இயலாத பொருள் திருத்த இயலாத பொருளாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய சட்டப் பணிப்புரையை ஏற்படுத்தியது. செல்வ நாடுகளே இன்று இதனை உரிமையெனக் கோருமாயின், நமது கரையில் இது எத்துணை இன்றியமையாதது என்பது தெளிவு.

2022 ஆம் ஆண்டு இதனை நாடு முழுவதற்கும் உணர்த்திற்று. டொலர் தட்டுப்பாடு ஏற்பட்டது, மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, எரிபொருளுக்கு நெடுவரிசை. மன்னார்த் தீவில் 100 மெகாவாற்றுத் திறனுடைய 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கியிருந்தும் அவற்றின் அடியிலிருந்த வீடுகளும் நாட்டோடு சேர்ந்து இருளைப் பகிர்ந்தன. தென்னிலங்கைக்கு அது புதிய அனுபவம். வடக்கின் முதியோருக்கோ மறந்துவிட எண்ணிய பழைய பாடம்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வீட்டைப் பேணும் ஆற்றல் தனிமனிதத் திறமை மட்டுமன்று. பொருள் கிடைக்கவேண்டும், பொருள் திறக்கப்படக் கூடியதாக இருத்தல்வேண்டும், வீட்டில் நிலைத்து வாழும் உரிமையும் வேண்டும். இம்மூன்றும் அரசியலைச் சார்ந்தவை. ஆதலால் இது வரலாற்று மாணவரின் ஆய்வுக்கும் உரியதாகின்றது. கிடுகு பின்னிய மூதாட்டியரும், டைனமோவுக்குச் சுற்று அமைத்தோரும், கரையோரக் கடைகளில் வானொலி திருத்தியோரும் இன்னும் நம்மிடையே உளர். அவர்களின் வாய்மொழியை ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்யும் பணி நமது துறைகளுக்குக் காத்திருக்கின்றது. ஓலையைப் போல் அவ்வறிவும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டியது. ஒரு மாரி தவறினும் ஒழுகும்.